அண்ணன் விட்டுப்போன இடக்கை கிட்டார்: நான் எந்தக் கையில் கற்பது?

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை, சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தறி வீடு. வெண்பட்டு வேட்டி நெய்கிறோம். எனக்கு 38 வயது. பாட்டு, வாத்தியம் எதுவும் முறையாகப் படித்ததில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டான். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க மலையில் இருப்பான், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துக் கீழே வருவான். 20 கொண்டை ஊசி வளைவிலும் கிட்டார் அவன் மடியில்தான் இருக்கும். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் மேலே வைக்க மாட்டான். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா தறிக்கு நூல் (தார்) சுற்றி முடிக்கும்வரை வாசிப்பான்.

அவன் போன பிறகு எஸ்டேட்டிலிருந்து அவன் பெட்டியையும் கிட்டாரையும் கொடுத்தனுப்பினார்கள். அம்மா தன்னுடைய நூல் சேலை ஒன்றில் சுற்றி பீரோ மேல் வைத்தார். அன்று வைத்ததுதான். அவன் வாசித்தது ஒரு நிமிடம்கூட எங்களிடம் பதிவாக இல்லை. அவன் போனில் இருந்திருக்கலாம், அந்த போன் உயிர் பெறவில்லை. போன மாதம் அம்மா சும்மா இருக்கும்போது, “அவன் வாசிச்சா எப்படி இருக்கும்டீ, ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது” என்றார். அன்று இரவே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் இடக்கைக்காரன். பழையதாக ஒரு சாதாரண வலக்கை கிட்டாரை வாங்கி, கம்பிகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டுக்கொண்டான். நான் வலக்கைக்காரி. அப்படியானால் அவன் போட்ட கம்பி வரிசையை நான் கலைக்க வேண்டும். அந்தக் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, ஆனால் அவன் விரல் கடைசியாகப் பட்டவை. என்ன செய்வது என்று தெரியவில்லை. கம்பியைத் திருப்பிப் போடுவதா, நான் இடக்கையில் கற்பதா, இதை இப்படியே விட்டு வேறொன்று வாங்குவதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வாசிக்கும்போது கை மேலே ஏழாவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் போனாலே அவன் முகம் சுளிப்பான். “மேலே போனா பொய் சொல்லுது” என்பான். அம்மா அதைச் சொல்லியே அவனைக் கிண்டல் செய்வார். அது ஏன் என்று யாருக்காவது தெரியுமா?


ஐந்துரோடு

அண்ணனுக்கு அஞ்சலி. எனக்குக் கிட்டார் தெரியாது அக்கா, ஆனால் இந்த இழையைப் படிக்காமல் போக முடியவில்லை. தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.


மரவேலை (செவ்வாய்ப்பேட்டை பக்கம்)

வணக்கம் சகோதரி. 20 வருடமாகக் கம்பி வாத்தியங்கள் பழுது பார்க்கிறேன்.

மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே கம்பிகளைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், ஒவ்வொரு கீயையும் இரண்டு மூன்று சுற்று சுற்றி இழுவையைக் குறைத்தால் போதும். ஸ்டீல் கம்பி ஆறும் சுதியில் நிற்கும்போது மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு பெரிய ஆள் அந்தக் கழுத்தில் நாலு வருடமாகத் தொங்குவது மாதிரி. அது போக, பீரோ மேல், கூரைக்குக் கீழே, நம் ஊர் சித்திரை வெயில். பிரிட்ஜை, அதாவது கம்பிகளின் அடி மாட்டியிருக்கும் மரத்துண்டை, ஒட்டிய பசை சூட்டில் இளகும், கம்பி அதை மெல்ல மெல்லப் பிய்க்கும். பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் கிளம்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கிட்டார் பொய்தான் சொல்லியிருக்கிறது.

கம்பியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது. நீண்டால் சுதி லேசாக ஏறும். தடித்த கம்பியில் இந்த ஏற்றம் அதிகம், மெல்லிய கம்பியில் குறைவு. அதைச் சரிக்கட்டத்தான் பிரிட்ஜில் இருக்கும் அந்த வெள்ளைப் பட்டையை, சாடில் என்போமே, அதை நேராக வைக்காமல் சாய்த்து வைக்கிறார்கள். தடித்த கம்பிப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி இருக்கும். வலக்கை கிட்டாரில் கம்பியை மட்டும் தலைகீழாக மாற்றினால் தடித்த கம்பி குட்டைப் பக்கத்துக்கு வந்துவிடும், மெல்லியது நீளப் பக்கத்துக்குப் போய்விடும். முதல் மூன்று ஃபிரெட்டில் பெரிதாகத் தெரியாது. மேலே போகப் போகத் தடித்த கம்பி ஏறிக்கேட்கும், மெல்லியது இறங்கிக்கேட்கும். நல்ல காது உள்ளவருக்கு ஏழாவது ஃபிரெட்டிலேயே பொறுக்காது.

சோதித்துப் பார்க்கலாம். 12வது ஃபிரெட் கம்பியின் சரி பாதியில் இருக்கும். அதற்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலை லேசாக வைத்துத் தட்டினால் மணிபோல ஒரு ஒலி வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தித் தட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் விஷயம் இதுதான்.


இடதுகை (நாமக்கல்)

நானும் இடக்கைக்காரன்தான். உங்கள் அண்ணன் செய்ததையேதான் நானும் 19 வயதில் செய்தேன். இடக்கை கிட்டார் நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் நம்மைப் போன்றவர்கள் இருப்பதை வைத்து சமாளிப்போம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கை கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பி வரிசையை மாற்றிப் போட்டுத்தான் வாசித்தார். எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்க அம்மையார் கம்பியைக்கூட மாற்றவில்லை. அப்படியே கவிழ்த்துப் பிடித்து, கட்டை விரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ் ஸ்தாயியையும் வாசித்தார். நம் பக்கத்தில் மிருதங்கத்தில் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் என் யோசனை: இடக்கையிலேயே கற்றுக்கொள்ளுங்கள் அக்கா. புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு கைகளுமே புதுசுதான். அண்ணன் பிடித்த மாதிரியே பிடிக்கலாம், அவர் வரிசையைக் கலைக்கவும் வேண்டாம். ஒரு வாரம் முயன்று பாருங்கள்.


சுதிப்பெட்டி

மன்னிக்கணும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எங்கள் தாத்தா நாகஸ்வரம் வாசித்தவர். அவர் கடைசியாக வாசித்த சீவாளி (நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) இன்னும் ஒரு பித்தளை டப்பாவில் இருக்கிறது. அதை எடுத்து யாரும் ஊதிப்பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டோம். சில பொருள்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் கம்பிகளில் கை வைக்காதீர்கள். புதிய கிட்டார் ஒன்று வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றிய பிறகு மனசு கேட்காது. அப்போது திரும்ப மாட்ட முடியாது.


காபித்தோட்டம் (ஏற்காடு)

சுதிப்பெட்டி ஐயா சொல்வதில் உள்ள மரியாதை புரிகிறது. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போகும் குழுவில் கிட்டார் வாசிப்பார். அவர் போனதும் நாங்களும் தொடக்கூடாது என்று பெட்டியில் வைத்துப் பூட்டினோம். எங்கள் மலை 1,500 மீட்டர் உயரம். ஜூனில் மழை தொடங்கினால் டிசம்பர் வரை பனியும் ஈரமும்தான். தோல் செருப்பை ஒரு வாரம் போடாமல் விட்டால் பூசணம் பிடிக்கும். இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது பெட்டிக்குள் வெல்வெட் முழுக்கப் பச்சைப் பூசணம். மேல் பலகை உப்பியிருந்தது. பிரிட்ஜ் கம்பிகளோடு கழன்று தொங்கியது. நாங்கள் யாரும் கை வைக்கவில்லை, ஈரம் வைத்தது. சீவாளி டப்பாவில் சும்மா இருக்கும். இழுத்துக் கட்டிய கிட்டார் சும்மா இருக்காது, தன்னையே பிய்த்துக்கொள்ளும்.

அக்கா, உங்கள் கிட்டார் இன்னும் இரண்டு வகையில் பாவம். மலை ஈரத்தில் பல வருடம் ஊறிய மரம், திடீரென்று அம்மாப்பேட்டை உலர்வெயிலுக்கு வந்திருக்கிறது. சீக்கிரம் மரவேலை அண்ணனிடம் காட்டிவிடுங்கள்.


தறிச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டேன். தளர்த்தும் முன் 12வது ஃபிரெட் சோதனையையும் செய்தேன். தடித்த கம்பியில் மணியொலி ஒன்று, அழுத்திய ஒலி வேறு. எனக்கே தெரிந்தது. இத்தனை வருடம் அவன் முகம் சுளித்தது அந்த 3 மில்லிமீட்டருக்காக. அதை அறிந்ததும் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தன் காதில்தான் கோளாறு என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறான். தாள் உள்ளே போகிறது, அரை விரல் அளவுக்கு.

இடதுகை தம்பி சொன்னபடி பக்கத்து வீட்டுப் பையனின் கிட்டாரை வாங்கி ஒரு வாரம் இடக்கையாகப் பிடித்துப் பார்த்தேன். கம்பி வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் சும்மா தட்டிப் பழகினேன். விரல் வைப்பது எந்தக் கையிலும் ஒரே கஷ்டம்தான். ஆனால் தட்டும் கை வேறு விஷயம். 16 வயதிலிருந்து தறியில் நாடாக் கயிறு (நூலோடு ஓடும் நாடாவை ஓட்டும் கயிறு) இழுப்பது என் வலது கை. காலம் தவறாமல் ஓடுவது அதற்குத்தான் தெரியும். இடது கை இரண்டு தட்டு தட்டிவிட்டு யோசிக்கிறது. வலது கைக்கு மாற்றியதும் என்னைக் கேட்காமலே ஓடியது.

இன்னொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவன் வாசிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்து பனையோலை விசிறியைக் கிட்டார் மாதிரி பிடித்து, அவன் செய்வதையெல்லாம் செய்வேன். விசிறிக் காம்பு என் இடது கையில் இருக்கும். அவன் கிட்டார்க் கழுத்து அவனுடைய வலது கையில். எதிர் எதிரே பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம். அப்படியானால் நான் வலக்கையில் கற்றால்தான் அவனைப் பார்த்துப் பழகிய மாதிரி இருக்கும் என்று தோன்றுகிறது.

அவன் பெட்டியில் ஒரு 80 பக்க நோட்டு கிடைத்தது. எல்லா கார்டும் (பல சுரம் சேர்ந்து ஒலிக்க விரல் வைக்கும் அமைப்பு) ஆறு கோடு போட்டு, புள்ளி வைத்து வரைந்திருக்கிறான். யூடியூபில் சொல்லிக்கொடுப்பதோடு ஒப்பிட்டால் எதுவுமே ஒத்துவரவில்லை. சி கார்டுக்குப் புள்ளிகள் எதிர்ப்பக்கம் இறங்குகின்றன. தப்பாக வரைந்திருக்கிறானா?


இடதுகை

தப்பே இல்லை அக்கா! நம்மைப் போன்றவர்கள் அப்படித்தான் வரைவோம். புத்தகப் படத்தை இடம் வலமாகத் திருப்பினால்தான் நம் கைக்குச் சரியாக வரும். அவர் ஒவ்வொரு கார்டையும் உட்கார்ந்து திருப்பி வரைந்திருக்கிறார். எத்தனை கார்டு இருக்கிறது?

நாடாக் கயிறு விஷயத்தைப் படித்ததும் என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாளம் போடும் கைதான் கிட்டாரில் முக்கியம். அது உங்களுக்கு வலது. வலக்கையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.


தறிச்சத்தம்

64 கார்டு. எண்ணிவிட்டேன்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் போனேன். கதவில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறது. நோட்டைத் திறந்து கண்ணாடியைப் பார்த்துக் காட்டினேன். சி கார்ட் சரியாக வந்தது. ஜி சரியாக வந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பினேன், எல்லாமே என் கைக்கு வருகிறது. ஓரத்தில் அவன் எழுதிய தமிழ்தான் இடம் வலம் மாறித் தெரிந்தது. “மோதிர விரல் சோம்பேறி”, “இது மழை நாளுக்கு” என்றெல்லாம் எழுதியிருக்கிறான். அதை நோட்டில் நேராகப் படித்துக்கொள்கிறேன், படத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன்.

இனி பீரோவுக்கு முன்னால்தான் பயிற்சி. பையனின் கிட்டாரை இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.


நைலான்கம்பி

சரி, அப்படியானால் பயிற்சிக்கு வருவோம். நான் ஆசிரியர் இல்லை, ஆனால் 45 வயதில் தொடங்கியவன். என் அனுபவம் இது.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2 மணி நேரம் உட்கார்ந்தால் விரல் நுனி வீங்குமே தவிர கை பழகாது. முதல் மூன்று நான்கு வாரம் வலிக்கும், பிறகு தோல் தடித்துவிடும். விரலை இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைக்காமல், அடுத்த ஃபிரெட்டை ஒட்டினாற்போல வையுங்கள். பாதி அழுத்தம் போதும், உறுமாது.

ஈ மைனரில் தொடங்குங்கள். இரண்டே விரல். அப்புறம் ஜி, சி, டி. ஒரு கார்டைச் சரியாகப் பிடிப்பது பெரிய விஷயம் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் வேலை. ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து ஜி, சி, ஜி, சி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். விரல் வந்து சேராவிட்டாலும் தட்டும் கையை நிறுத்தாதீர்கள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தறி ஓட்டுபவர் நீங்கள்.

நைலான் கம்பி கிட்டார் விரலுக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நைலானுக்காகச் செய்த கிட்டாரில் யாராவது ஸ்டீல் கம்பி போடச் சொன்னால் போட்டுவிடாதீர்கள். அந்த இழுவையை அது தாங்காது.


மரவேலை

சகோதரி போன வாரம் கிட்டாரைக் கொண்டுவந்தார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். கல்கத்தாவில் செய்த பழைய கிட்டார், மேல் பலகை நன்றாகவே இருக்கிறது. பிரிட்ஜைக் கழற்றி ஒட்ட வேண்டும். கழுத்து லேசாக வளைந்திருக்கிறது, கழுத்துக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகினால் நிமிரும்.

கம்பிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். வெட்டாமல் கழற்ற முடியுமா என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்து, எந்தக் கம்பி என்று சீட்டுக் கட்டிக் கையில் கொடுத்தேன். மூன்றாவது கம்பியில் ஓர் இடத்தில் மட்டும் சுற்றுக்கம்பி தேய்ந்து, உள் கம்பி தெரிந்தது. இரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக. அதிகம் வாசித்த இடம் அது. அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கம்பி வரிசை இடக்கையாகவே இருக்கட்டும் என்கிறீர்கள், சரி. அந்தச் சாடிலை என்ன செய்ய? பழைய பள்ளத்தை மரம் வைத்து அடைத்து, எதிர்ப்பக்கம் சாய்த்துப் புதிதாக வெட்டினால் பொய் சொல்வது நின்றுவிடும். ஆனால் அண்ணன் வாசித்த மாதிரி இருக்காது. யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.


சுதிப்பெட்டி

கம்பிகளைச் சீட்டுக் கட்டிக் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி ஐயா. நான் முன்பு எழுதியது அவசரம். ஆனால் சாடிலை மாற்றாதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். அந்தக் குறையோடுதான் அவர் அதை நேசித்தார்.


தறிச்சத்தம்

ஐயா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை. “பிள்ளைக்குக் குறைன்னு தெரிஞ்சா சரி பண்ண மாட்டாங்களா?” என்றார். வெட்டச் சொல்லிவிட்டேன்.


தறிச்சத்தம் (ஏழு வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக நினைக்கிறேன்.

கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. புதிய கம்பி, அவன் போட்ட அதே இடக்கை வரிசை. நான் அதை வாசிக்க முடியாது. ஆனால் எப்படிக் கேட்கும் என்று தெரிய வேண்டும். அதனால் இடதுகை தம்பியை வரச்சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்தார். தட்டுவடை செட்டும் காபியும் சாப்பிட்டார். தறிக்குப் பக்கத்தில், அண்ணன் உட்காரும் இடத்திலேயே பாய் போட்டேன்.

நோட்டைப் பார்த்து அவர் வாசித்தார். அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. நான் எதிரே உட்கார்ந்து பையனின் கிட்டாரில் கூடவே வாசித்தேன், ஜி, சி, டி, ஈ மைனர் நான்கு மட்டும். கழுத்து இரண்டும் ஒரே பக்கம் நின்றன. அம்மா அடுப்படியில் இருந்தார்.

பிறகு நான் நிறுத்திவிட்டேன். தம்பி மட்டும் கையை மேலே கொண்டுபோனார். ஏழாவது ஃபிரெட், ஒன்பது, பன்னிரண்டு. அங்கே நின்று ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். எல்லாம் சுத்தமாக நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்து நின்றார். தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் சொன்னார், “இப்போ பொய் சொல்லலையே.”

தம்பியை இன்னொரு தரம் அதையே வாசிக்கச் சொன்னார். இந்த முறை என் போனில் பதிவு செய்தேன்.


மரவேலை

படித்தேன் சகோதரி. வேறு எதுவும் எழுத வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருமுறை கொண்டுவாருங்கள், கழுத்தைப் பார்த்துத் தருகிறேன். பீரோ மேல் மட்டும் வைக்காதீர்கள்.


தறிச்சத்தம்

வைக்க மாட்டேன் அண்ணா. கூடத்தில் உள் சுவரில் மாட்டியிருக்கிறோம், வெயில் படாத இடம்.

நைலான்கம்பி ஐயா, நோட்டில் அடுத்த பக்கம் எஃப் கார்ட். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பிடிப்பது. இரண்டாவது கம்பி மட்டும் செத்துப்போகிறது. ஓரத்தில் அவனும் “இது 3 மாசம்” என்றுதான் எழுதியிருக்கிறான். விரலை எப்படிச் சாய்க்க வேண்டும்?